பிட்லாக்கர் போட்ட டிஸ்க்கில் விண்டோஸ் படுத்துவிட்டால் எந்த வழி?

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் ஒரு அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. வைத்தியம் சின்னதுதான்: ரெக்கவரி சூழலுக்குள் (விண்டோஸ் எழாதபோது பழுதுபார்க்க வரும் திரை) போய் ஒரு ஃபைலை அழிக்க வேண்டும். ஆனால் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் என்க்ரிப்ஷன்) போட்ட கணினிகள், அந்த ஃபைலைத் தொடவிடும் முன்பே 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டன. கீயைத் தேடவேண்டியிருந்த இடங்களில்தான் வேலை இழுத்தது.

வீட்டு லேப்டாப்பிலும் இதே கதைதான். விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் பெரும்பாலும் என்க்ரிப்ஷன் தானாகவே ஆன் ஆகிவிடும். பலருக்கு அது தெரியவே தெரியாது. அப்படி ஆன் ஆகியிருந்தால் கீ அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். ஃபோனில் கணக்கைத் திறந்து, கீ கேட்கும் திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கில் இரண்டு மூன்று கணினிகள் இருந்தால் கீ மாறிப்போவது சகஜம்.

கீ கிடைத்துவிட்டது, சரி. இனி எந்த வழி?

பலரும் முதலில் கைவைப்பது விண்டோஸின் சொந்த ரெக்கவரி சூழலில். தனியாக எதுவும் வேண்டாம், கீயை அடித்ததும் டிஸ்க் திறக்கும். விண்டோஸைத் தொடங்கிவைக்கும் பூட் ஃபைல்கள் மட்டும் கெட்டிருந்தால் ஸ்டார்ட்அப் ரிப்பேரே போதும். கமாண்ட் பிராம்ப்ட்டில் வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வழக்கமாக சி என்று இருக்கும் டிரைவ் அங்கே டி, ஈ என்று வேறு எழுத்தில் வரலாம். உள்ளே விண்டோஸ் ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எந்தக் கட்டளையும். இந்த வழியின் குறை, நீங்கள் செய்வதெல்லாம் மூல டிஸ்க்கிலேயே எழுதப்படுகிறது என்பது. டிஸ்க்கே சாகும் நிலையில் இருந்தால் டிஸ்க் பிழைகளைத் தேடித் திருத்தும் செக்டிஸ்க்கை ஓட்டுவது நிலைமையை இன்னும் கெடுக்கும்.

அதனால் என் ஓட்டு முதலில் லினக்ஸ் லைவ் பென் டிரைவுக்குத்தான் (கணினியில் நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ்). 2020-இல் வந்த கிரிப்ட்செட்டப் 2.3 (லினக்ஸின் டிஸ்க் என்க்ரிப்ஷன் கருவி) முதல் லினக்ஸ் பிட்லாக்கரைத் திறக்கும். உபுண்டு என்ற லினக்ஸின் இன்றைய பதிப்பில் ஃபைல் மேனேஜரில் டிரைவைச் சொடுக்கினால் பாஸ்வேர்ட் கேட்கும். அங்கே ரெக்கவரி கீயை, நடுவில் வரும் கோடுகளோடு அப்படியே கொடுங்கள். ரீட்-ஒன்லியாக (படிக்க மட்டும், எதுவும் எழுதாதபடி) மவுண்ட் செய்து, படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டால் அப்புறம் விண்டோஸை எப்படி வேண்டுமானாலும் நோண்டலாம். பிழை காட்டும் டிஸ்க் என்றால் ஃபைல் ஃபைலாக எடுக்காமல் கெட்டுவரும் டிஸ்க்கை நகலெடுக்கும் லினக்ஸ் கருவியான டிடிரெஸ்க்யூவால் முழு டிஸ்க்கையும் நகலெடுத்து, அந்த நகலில் வேலை செய்யுங்கள்.

டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு விண்டோஸ் கணினியில் மாட்டுவதும் நல்ல வழிதான், லினக்ஸ் பழக்கமில்லாதவருக்கு இன்னும் எளிது. வழக்கமாக டிஸ்க்கைத் தானாகத் திறந்துவிடும் டிபிஎம் சிப் பழைய போர்டிலேயே இருப்பதால் இங்கேயும் கீ கேட்கும். ஸ்டோரேஜை போர்டிலேயே பற்றவைத்திருக்கும் லேப்டாப்பில் இதற்கு வாய்ப்பே இல்லை.

பிட்லாக்கர் டிஸ்க்கைத் திறக்கத் தேவையான அதன் சொந்த மெட்டாடேட்டாவே கெட்டுப்போய், சரியான கீ கொடுத்தும் டிஸ்க் திறக்கவில்லையா? அப்போது ரிப்பேர்-பிடிஇ என்ற விண்டோஸ் கட்டளை. காலி டிஸ்க் ஒன்றைக் கொடுங்கள். அதில் இருப்பது அழிந்து, மீட்டது அங்கே எழுதப்படும்.

விண்டோஸை மறுபடி நிறுவும் ரீசெட் கடைசி. 'கீப் மை ஃபைல்ஸ்' என்றாலும் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். முதலில் முழு டிஸ்க்கையும் டிக்ரிப்ட் செய்துவிட்டு ரிப்பேர் பார்க்கலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை: கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கை முழுதாகத் திரும்ப எழுதவைப்பது ஆபத்து. கீயே இல்லையென்றால் இதில் எந்த வழியும் வேலை செய்யாது. டேட்டா ரெக்கவரி மென்பொருளுக்குக் கொடுக்கும் பணம் வீண்.

விண்டோஸ் எழுந்த பிறகும் ஒவ்வொரு முறையும் கீ கேட்டால், பிட்லாக்கரை சஸ்பெண்ட் (தற்காலிக நிறுத்தம்) செய்து மறுபடி ரெஸ்யூம் கொடுங்கள். டிபிஎம் புதிய பூட் நிலையைப் பதிந்துகொள்ளும்.