ஹெர்மிசா, பிரிட்டிஷ் சார்ஜன்ட்டா: மட்டக்களப்பில் எந்தக் கப்பலுக்குச் சுழியோடுவது?

இரண்டும் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானக் குண்டுகளுக்கு இரையாகிக் கடலடியில் கிடக்கும் பிரிட்டிஷ் கப்பல்கள். பாசிக்குடாவுக்கு வரும் சுழியோடிகள் பலருக்கும் எதற்குப் போவதென்ற குழப்பம்.

வரலாறு: ஹெர்மிஸ், விமானந்தாங்கியாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல். 1918இல் வேலை தொடங்கி, 1919இல் நீரில் இறங்கி, 1924இல்தான் சேவைக்கு வந்தது. சார்ஜன்ட் எண்ணெய்க் கப்பல்.

ஆழம்: சார்ஜன்ட் சுமார் 24 மீற்றர். ஹெர்மிஸ் சுமார் 53 மீற்றர். பொழுதுபோக்குச் சுழியோடலின் எல்லையே 40 மீற்றர்தான்.

காற்று: இங்கேதான் பலர் கணக்குப் பிழைக்கிறார்கள். ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடுவதால் காற்று வேகமாகத் தீரும். நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லீற்றர் காற்று இழுப்பவர் 24 மீற்றரில் 68, 53 மீற்றரில் 126 லீற்றர் இழுப்பார். 12 லீற்றர் சிலிண்டரில் 200 பார் (அழுத்த அளவு) இருந்தால், 50 பாரை ஒதுக்கிய பிறகு மிஞ்சுவது 1800 லீற்றர். சார்ஜன்ட்டில் 26 நிமிடம். ஹெர்மிசில் 14, அதற்குள் இறங்கி, ஏறி, அழுத்தக்குறைப்புக்கு (உடலில் கரைந்த நைதரசன் மெல்ல வெளியேற வழியில் தரிப்பது) நின்று வரவும் வேண்டும். அது நடக்காத காரியம். சாதாரண காற்றோடு அந்த ஆழத்தில் நைதரசன் மயக்கமும் (போதை ஏறியதுபோல் புத்தி தடுமாறுவது) வரும். ஒட்சிசன், நைதரசனோடு ஹீலியமும் கலந்த டிரைமிக்ஸ் வாயு, இரட்டைச் சிலிண்டர், மேலேறுவதற்குத் தனி வாயு எல்லாம் தேவை.

காலம்: இரண்டுக்கும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. மாரியில் கடல் விடாது.

அட்வான்ஸ்ட் (அடிப்படைக்கு அடுத்த நிலை) சுழியோடல் சான்றிதழ் மட்டும் உள்ளவருக்கு சார்ஜன்ட். நைட்ரொக்ஸ் 32 (32% ஒட்சிசன் உள்ள கலவை) எடுத்தால் அழுத்தக்குறைப்புக்கு நிற்கத் தேவையில்லாத நேரம் கூடும், ஆனால் சிலிண்டர் தீரும் நேரம் மாறாது. டிரைமிக்ஸ் பயிற்சி முடித்தவருக்கே ஹெர்மிஸ். அங்கே 307 பேர் மாண்டார்கள், எதையும் தொட்டு எடுக்காதீர்கள்.