போகாத ஐரோப்பாவுக்கு நான் கட்டிய 85 டொலர்

திருகோணமலையில் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சீசனுக்குச் சாமான் வேண்டும் என்று சீனாவில் இருந்து கடல்வழியாக இறக்கப் பார்க்கிறவர்கள், இதை ஒருமுறை வாசித்துவிட்டுக் காசைக் கட்டுங்கள். எனக்கு முன்னால் யாராவது இப்படி எழுதி வைத்திருந்தால் என் மே மாதம் முழுக்கக் கொழும்பு பஸ்ஸில் போயிருக்காது.

நான் புறாத்தீவுக்குப் படகு ஓட்டுகிறவன். இரண்டு படகு, கரையில் ஒரு கொட்டில். கொட்டிலில் மாஸ்க், ஸ்நோர்க்கல், ஃபின், லைஃப் ஜாக்கெட் வாடகைக்குக் கொடுக்கிறோம். நம் கடலைப் பற்றி ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. ஏப்ரல் கடைசியில் இருந்து செப்டம்பர் வரைதான் பிழைப்பு. வாடை தொடங்கினால் படகைக் கரையில் ஏற்றிவிட்டு வலையைப் பின்னிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். போன சீசன் முடிவில் பார்த்தால் மாஸ்க்குகளில் பாதி ரப்பர் போய்க் கிடந்தன. புறக்கோட்டையில் விலை கேட்டேன், தலை சுற்றியது. நேரே சீனாவில் இருந்து எடுத்தால் பாதிக் காசு என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். சரி, எடுப்போம் என்று இறங்கினேன்.

24 பெட்டி, மூன்று கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, 412 கிலோ. இதற்கு முழுக் கொள்கலன் தேவையில்லை. பத்துப் பதினைந்து பேருடைய சாமானோடு ஒரே கொள்கலனில் சேர்த்து அனுப்புவார்கள், எல்.சி.எல். என்பது அதைத்தான். விற்கிற சீனாக்காரனே ஒரு ஏஜென்டைக் காட்டினான். அந்த ஏஜென்டுக்குக் கொழும்பில் ஒரு கூட்டாளிக் கம்பனி. பெயர் போடவில்லை, போட்டு வழக்கில் மாட்ட எனக்கு நேரமில்லை. அங்கே போன் எடுத்த தம்பி நல்ல தமிழில், தேன் ஒழுகக் கதைத்தார். "நீங்க ஒண்டும் யோசிக்காதீங்க அண்ணே, பேப்பர் வேலை எல்லாம் எங்கட தலையில. நீங்க சாமான் வந்து இறங்கினதும் லொறியை அனுப்புங்க, போதும்."

கடல் கூலி ஒரு கன மீட்டருக்கு 8 டொலர். கேட்டதும் எனக்குச் சந்தோஷம். இவ்வளவு தூரம் கப்பலில் வர எட்டே டொலரா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். சீனாவில் சேர்த்து ஏற்றுகிறவர்களில் பலர் அங்கே கூலியைக் கிட்டத்தட்ட இலவசமாகக் காட்டுவார்களாம். சாமானைப் பிடித்துக்கொண்டு, இறங்குகிற துறைமுகத்தில் அதை வட்டியோடு எடுப்பார்கள். விற்கிறவன் கூலியையும் சேர்த்து விலை சொல்லி, ஏஜென்டையும் அவனே பிடித்தால் அந்த ஏஜென்ட் நம் ஆள் இல்லை, அவன் ஆள். இதை எனக்குச் சொன்னவர் கொழும்பு வாஃப் கிளார்க் ஒருவர், சாமானைச் சுங்கத்தில் இருந்து எடுத்துத் தருகிற வேலைக்காரர். அவரைப் பற்றி அப்புறம் வருகிறேன்.

கூலியோடு இன்னொரு பில்லும் வந்தது. "கப்பல் வர முன்னம் கஸ்டம்ஸுக்குக் குடுக்கிற டேட்டா" என்று தலைப்பு. கீழே இரண்டு வரி: ஈ.என்.எஸ். 45 டொலர், ஏ.எம்.எஸ். 40 டொலர். என்ன இது என்று கேட்டேன். "இப்ப உலகம் முழுக்க இது கட்டாயம் அண்ணே, குடுக்காட்டி ஏத்தவே மாட்டாங்க." கட்டினேன்.

பாதி உண்மை என்பதால்தான் நம்பினேன். 2001 செப்டம்பருக்குப் பிறகு அமெரிக்காக்காரன் தன் துறைமுகத்துக்கு வரும் கொள்கலனில் என்ன இருக்கிறது என்று ஏற்ற 24 மணித்தியாலத்துக்கு முன்பே தனக்குச் சொல்ல வேண்டும் என்று விதி போட்டான். அந்தத் தகவலை அனுப்புகிற அமைப்புக்குப் பெயர்தான் ஏ.எம்.எஸ். 2004 இல் கனடாவும் இதே மாதிரி ஒன்றைத் தொடங்கியது. 2005 இல் உலக சுங்க அமைப்பு இதற்கென்று ஒரு பொது ஒழுங்கே கொண்டுவந்தது. 2011 இல் இருந்து ஐரோப்பிய ஒன்றியமும் கேட்கிறது, அதுதான் ஈ.என்.எஸ். இப்போது அங்கே இன்னும் இறுக்கம். 2024 ஜூனில் இருந்து கப்பல் சரக்குக்கும் புதிய முறை வந்துவிட்டது. ஆறு இலக்கச் சுங்கக் குறியீடு இல்லாமல், "பல்வேறு பொருட்கள்" என்று பொத்தாம் பொதுவாக எழுதி அனுப்பினால் ஏற்கமாட்டார்கள். கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. கப்பல் துறைமுகம் சேர்ந்த பிறகு பெட்டியைத் திறந்து தேடுவதை விட, கடலில் இருக்கும்போதே எதைத் திறப்பது என்று முடிவெடுத்து வைக்கலாம்.

எல்லாம் சரி. ஆனால் என் பெட்டிகள் சீனாவின் நிங்போவில் ஏறிக் கொழும்பில் இறங்குகிறவை. அவற்றுக்கும் அமெரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்? ஐரோப்பாவுக்கு என்ன சம்பந்தம்? இலங்கைச் சுங்கத்துக்குப் போக வேண்டியது கப்பலின் மேனிஃபெஸ்ட், அதாவது சரக்குப் பட்டியல். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது ஜூன் மாதத்தில்.

கப்பல் ஏப்ரல் 24 கொழும்புக்கு வந்தது. நம் வாசலில் இவ்வளவு பெரிய துறைமுகம் கிடக்கிறது. பிறிமா மா ஆலைக்குக் கோதுமை, சீமெந்துக்குக் கிளிங்கர், சீனக்குடாத் தாங்கிகளுக்கு எண்ணெய் என்று மொத்தச் சரக்குக் கப்பல்கள் வந்து போகின்றன. ஆனால் நமக்கு ஒரு பெட்டி மாஸ்க் வேண்டுமென்றால் ஹபறணை, குருநாகல் தாண்டிக் கொழும்புக்குப் போக வேண்டும். சொன்னால் புலம்பல் ஆகிவிடும், விடுங்கள்.

கிளியரிங் செய்ய நான் பிடித்த வாஃப் கிளார்க் வயதான மனிதர், கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். சுங்கத்துக்குக் கொடுக்கிற கஸ்டெக் பத்திரம் அடிக்க உட்கார்ந்தவர் இரண்டாம் நாள் போன் எடுத்தார். "தம்பி, உங்கட எண்ட்ரி போகுதில்ல. ஒருக்கா வாங்கோ." இரவு பஸ் எடுத்துப் போனேன்.

மேசையில் ஒரு பிளேன்டீ, இரண்டு கடதாசி. ஒன்று சீனாக்காரன் எனக்கு அனுப்பிய பொதிப் பட்டியல். மற்றது ஏஜென்ட் கம்பனி போட்ட ஹவுஸ் பில் ஒஃப் லேடிங், என் சாமானை ஏற்றியதற்கான பத்திரம். சிவப்புப் பேனையால் அவர் வட்டம் போட்டுக்கொண்டே போனார். எடை 412 கிலோ என்பது 214 ஆக இருந்தது. 24 பெட்டி 26 ஆகியிருந்தது. பொருள் விபரம் என்ற இடத்தில் இரண்டே சொல், "பிளாஸ்டிக் சாமான்". பெறுநர் என்ற இடத்தில் என் பெயர் இல்லை. கொட்டில் பலகையில் எழுதியிருக்கும் பெயர் இருந்தது, அதிலும் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. வரி இலக்கம் போட வேண்டிய கட்டத்தில் என் கைத்தொலைபேசி இலக்கம். கடைசி வட்டத்தைப் போட்டுவிட்டு அவர் பேனையை மூடி வைத்த விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பாரே, அந்த மாதிரி.

அவர் விளக்கினதை நான் விளங்கிக்கொண்ட மட்டில் சொல்கிறேன். கப்பல் ஏஜென்ட் தன் மேனிஃபெஸ்டை அனுப்புவார். அதில் எங்கள் கொள்கலன் ஒரே வரி. அந்த வரிக்குள் யார் யாருக்கு எத்தனை பெட்டி என்று பிரித்துச் சொல்லும் விபரத்தைக் கொடுப்பது நம் சாமானைச் சேர்த்து ஏற்றிய ஃபோர்வாடர், அதாவது அந்த ஏஜென்ட் கம்பனி. அது ஹவுஸ் பில்லில் இருந்துதான் போகிறது. நாம் போடும் கஸ்டெக் சுங்கத்தின் அசிக்குடாக் கணினியில் அந்த விபரத்தோடு பொருந்த வேண்டும். பெயர், பெட்டி எண்ணிக்கை, எடை பிசகினால் அங்கேயே நிற்கும். சரி, திருத்தலாம்தானே என்றேன். திருத்தலாம், ஆனால் என்னாலும் முடியாது, அவராலும் முடியாது. தகவலை அனுப்பியவர்தான் திருத்தக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அதாவது பிழை விட்ட அதே கம்பனி.

அவர்களுக்கு என்ன அவசரம்? தேன் ஒழுகிய தம்பி மூன்று நாள் போன் எடுக்கவில்லை. எடுத்தபோது, "சீனாப் பக்கம் விட்ட பிழை அண்ணே, நாங்க என்ன செய்ய? அமென்ட்மென்டுக்கு 38 ஆயிரம் வரும்" என்றார். தாங்கள் விட்ட பிழையைத் திருத்த என்னிடம் காசு. கட்டாமல் சண்டை பிடித்தேன். எட்டு நாள் பிடித்தேன். அந்த எட்டு நாளும் களஞ்சிய வாடகை ஏறிக்கொண்டிருந்தது. எப்படியும் நான் வழிக்கு வருவேன் என்று அவர்களுக்குத் தெரியும். வேறு ஏஜென்டிடம் தூக்கிக்கொண்டு போக வழியில்லை, சாமானை விடச் சொல்லும் டெலிவரி ஓர்டர் அவர்கள் கையில். கட்டினேன். அதற்குப் பிறகும் கடிதம், சீனாவில் இருந்து உறுதிப்படுத்தல், வெசாக் லீவு என்று இழுத்து மே 28 இல்தான் திருத்தம் ஏறியது.

பொருள் விபரம் அடுத்த வினை. லைஃப் ஜாக்கெட் சுங்கக் குறியீட்டில் துணிச் சாமான்களோடு 6307.20 இல் வரும். ஃபின் 9506.29, விளையாட்டுப் பொருள். "பிளாஸ்டிக் சாமான்" என்று வந்த பெட்டியில் இரண்டும் இருந்தால் பரிசோதிக்கிற அதிகாரி சந்தேகப்படாமல் என்ன செய்வார்? 24 பெட்டியும் திறந்தார்கள். அவர்களில் நான் பிழை சொல்லவில்லை. உண்மையில் அந்த முழுக் கதையிலும் என்னோடு ஒழுங்காகக் கதைத்தது அந்தப் பரிசோதனை அதிகாரிதான். "ட்ராஃப்ட் பார்த்தீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டார். எனக்கு அந்தச் சொல்லே அப்போதுதான் புதிது.

பில் ஒஃப் லேடிங் இறுதியாக அடிக்க முன்னம் அதன் ட்ராஃப்ட் ஒன்று இருக்கும். ஒழுங்கான ஏஜென்ட் அதை அனுப்பி "பார்த்துச் சரி சொல்லுங்கள்" என்று கேட்பார். கப்பல் புறப்பட முன்னம் அதில் ஓர் எண்ணை மாற்ற ஒரு ஈமெயில் போதும். புறப்பட்டுப் போய், தகவல் சுங்கத்துக்கு ஏறிய பிறகு அதே எண்ணுக்கு எனக்கு ஒரு மாதமும் 38 ஆயிரமும் போனது. என் ஏஜென்ட் ட்ராஃப்டைச் சீனாக்காரனுக்கு மட்டும் அனுப்பினார், அவன் பார்க்காமலே சரி சொல்லியிருக்கிறான். அவனுக்கென்ன, காசு வந்துவிட்டதே.

ஆகவே சாமான் எடுக்கிறவர்கள் காசு கட்ட முன்னமே ட்ராஃப்ட் எனக்கும் வர வேண்டும் என்று வட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். வந்ததும் பொதிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பெயர், உங்கள் வரிப் பதிவில் உள்ளது உள்ளபடி வேண்டும், கடைப் பலகையில் உள்ளபடி அல்ல. முடிந்தால் எஃப்.ஓ.பி. விலையில், அதாவது கடல் கூலி சேராத விலையில் வாங்கி, ஃபோர்வாடரை நீங்களே பிடியுங்கள். இங்கே ஃபோர்வாடர் தொழிலுக்கு 1972 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும், கொடுப்பது வணிகக் கப்பல்துறைப் பணிப்பாளர் நாயகம். அதைக் காட்டச் சொல்லிக் கேட்க வெட்கப்படாதீர்கள். நான் வெட்கப்பட்டேன். கொழும்பில் இறங்கின பிறகு என்னென்ன கட்டணம் என்று எழுத்தில் வாங்காமல் எட்டு டொலரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம்.

எனக்குச் சொன்னது கொழும்புச் செலவு எல்லாம் சேர்த்து 70 ஆயிரத்துக்குள். கடைசி பில்லில் இருந்தது: டெலிவரி ஓர்டரும் களஞ்சியக் கையாளலும் 94 ஆயிரம், அமென்ட்மென்ட் 38 ஆயிரம், களஞ்சிய வாடகை 61 ஆயிரம், "ஆவணச் செலவு" 18 ஆயிரம். மொத்தம் 2 இலட்சத்து 11 ஆயிரம் ரூபா. சுங்க வரியும் 18 சதவீத வற் வரியும் வேறு. அவை அரசாங்கத்துக்கு, அதில் எனக்குக் கதையில்லை.

அந்தக் கடைசி பில்லைக் காட்டியபோதுதான் வாஃப் கிளார்க் பழைய 85 டொலர் பில்லையும் பார்த்தார். கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, "தம்பி, உங்கட சாமான் ஹம்பர்க் சுத்திப்போட்டே வந்தது?" என்றார். பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது.

பெட்டிகள் ஜூன் 11 விடிய நிலாவெளிக்கு வந்தன. திறந்து பார்த்த பெட்டிகளைத் திரும்ப ஒழுங்காக ஒட்டியிருக்கவில்லை. ஏழு ஜோடி ஃபின் ஒற்றைக் காலாக வந்து சேர்ந்தன, மற்றக் கால் கொழும்பில் எங்கேயோ. அந்த இடைவெளியில் மூன்று பெரிய குழுக்களைப் பக்கத்துக் கொட்டிலுக்கு அனுப்பினேன். சாமான் இல்லாமல் ஆட்களைத் தீவுக்குக் கொண்டுபோய் என்ன செய்ய?

85 டொலரைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டு நாலு தரம் எழுதிவிட்டேன். ஏன் கட்டணம், எந்த நாட்டுச் சுங்கத்துக்கு அனுப்பினீர்கள், அனுப்பின அத்தாட்சி எங்கே என்றும் கேட்டேன். மூன்றுக்குப் பதில் இல்லை. நாலாவதுக்குத் தம்பி குரல் செய்தி போட்டிருந்தார், அதே தேன் குரல். அடுத்த ஷிப்மென்டில் கழித்து விடுகிறாராம்.