ஆச்சியும் நானும் ஒன்பது ஸ்மார்ட் பல்புகளும்: மூன்றரை வருட அனுபவம்

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீடு, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்ட நீள வீடு. முன்பக்கத் தார்சாவில் நின்றால் புறவாசல் கதவு நேரே தெரியும். வெளிச்சம் வருவது அந்த இரண்டு முனைகளில்தான். நடுவிலுள்ள பட்டாசலில் மத்தியானம் 12 மணிக்கும் லைட்டைப் போட்டால்தான் பேப்பர் படிக்கலாம். என் மேசை அங்கேதான். வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கணக்கு பார்க்கும் வேலை, மதியம் 2 முதல் இரவு 11 வரை. முடித்துவிட்டுப் படுத்தால் 1 மணி வரை கண் மூடாது.

அதற்காகத்தான் 2022 தை மாதம், மொபைலிலிருந்து வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றக்கூடிய 9 பல்புகள் வாங்கினேன். ஒன்று 700 ரூபாய்க்கு மேல். "சாதா எல்இடி 100 ரூவாய்க்குக் கெடைக்கு, இதுல அப்படி என்னவே இருக்கு?" என்றார் மாட்ட வந்த எலக்ட்ரீசியன் அண்ணாச்சி.

கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி சிவப்பு, பச்சை எரியும் சமாசாரம் இல்லை இது. உள்ளே மஞ்சள் சாயலில் ஒரு வரிசை, வெள்ளை சாயலில் ஒரு வரிசை எல்இடி இருக்கும். இரண்டையும் வேண்டிய அளவு கலந்தால் 2,700 கெல்வினிலிருந்து 6,500 கெல்வின் வரை போகலாம். முதலாவது பழைய குண்டு பல்பின் மஞ்சள், கடைசி ட்யூப் லைட் வெள்ளை. பார்ப்பதற்கான செல்கள் தவிர, பொழுதை அறிவதற்கென்றே சில செல்கள் நம் விழித்திரையில் உண்டு. 480 நானோமீட்டர் வாக்கிலுள்ள நீல ஒளி பட்டால் அவை "இன்னும் பகல்தான்" என்று மூளைக்குச் சொல்லும், தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும். ஆகவே பகலில் வெள்ளை, ராத்திரி மங்கிய மஞ்சள் என்பது கணக்கு.

முதல் சண்டை அந்தி நேரத்தில் வந்தது. சூரியன் மறையும்போது தானாக மஞ்சளாகி மங்கும்படி ஆப்பில் வைத்திருந்தேன். ஆச்சி விளக்கேற்றிவிட்டுத் திரும்பினால் வீடு இருண்டுகொண்டு வருகிறது. "வெளக்கு வச்ச நேரத்துல வீட்ட இப்பிடி மங்கலா வைக்கப்பிடாது. ஏல, போய் நல்ல லைட்டப் போடு." யோசித்தால் ஆச்சி சொன்னதில் தப்பில்லை. சூரியனோடு சேர்ந்து மாறும் இந்த வசதி, குளிர்காலத்தில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும் தேசங்களுக்குப் பொருந்தும். நமக்கு நவம்பரில் 6 மணிக்குச் சற்று முன்னால் மறைகிற சூரியன், ஜூனில் 6.40 வாக்கில் மறையும்; வருஷத்துக்கே முக்கால் மணி நேர வித்தியாசம்தான். அதுவும் மேற்கே மலை நிற்பதால், ஆப் சொல்லும் நேரத்துக்கு முன்பே எங்கள் தெருவில் வெயில் இறங்கிவிடும். அந்த வசதியை அணைத்துவிட்டு, 8 மணிக்கு மேல் மெதுவாக மாறும்படி வைத்தேன். இன்றுவரை அதுதான்.

இரண்டாவது, கரண்ட் கட். பாபநாசத்தில் அணைத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறார்கள், எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஆனாலும் ஆடிக்காற்று அடித்தால் கரண்ட் போகும். அப்படிப் போய் ராத்திரி 2 மணிக்குத் திரும்பி வந்தபோது, ஒன்பது பல்பும் முழு வெள்ளையில் பளீரென்று எரிந்தன. நான் எழுந்து வருவதற்குள் ஆச்சி வாசல் தெளிக்க வாளியை எடுத்துவிட்டாள். கரண்ட் வந்ததும் பழைய நிலைக்கே போகச் சொல்லும் அமைப்பு ஆப்பின் நாலாவது பக்கத்தில் ஒளிந்திருந்தது. வாங்குகிறவர்கள் முதல் நாளே அதைத் தேடி மாற்றிவிடுங்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தின்போது கரண்ட் இரண்டு நாளில் வந்துவிட்டது, இன்டர்நெட் வர மேலும் நாலு நாள் ஆயிற்று. ஆறு பல்புகள் நேரத்தைத் தங்களுக்குள்ளேயே வைத்திருந்து ஒழுங்காக வேலை செய்தன. வேறு கம்பெனியின் மூன்றும் எதையும் கேட்காமல் மக்கு மாதிரி எரிந்துகொண்டிருந்தன. அந்த மூன்றில் இன்னொரு கோளாறு: வெளிச்சத்தைக் குறைத்தால் மொபைல் கேமராவில் பட்டை பட்டையாக ஓடும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பில் எனக்கு ஒரு மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும். அவற்றைக் கழற்றியாயிற்று. அடுக்களையில் மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டிய ஒன்று சித்திரை வெயிலில் போய்விட்டது. எல்இடிக்குச் சூடு ஆகாது. உள்ளிருக்கும் சர்க்யூட்தான் முதலில் போகும்.

புறவாசலுக்குப் போகும் நடையில், ஆச்சி ராத்திரி எழுந்தால் தானாக எரியட்டும் என்று ஆளசைவு சென்சார் வைத்தேன். தை, மாசியில் பிரமாதம். வைகாசியில் ஆச்சி கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தாலும் எரியவில்லை. ரிப்பேர் என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது: அந்த சென்சார் பார்ப்பது உடம்புச் சூட்டுக்கும் சுவர்ச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. நம் ஊர்க் கோடையில் சுவரும் மனுஷனும் ஏறக்குறைய ஒரே சூடு! இப்போது அங்கே தரைக்கு அருகில் அரை வாட் மஞ்சள் ஜீரோ வாட்ஸ் பல்பு ஒன்று ராத்திரி முழுக்க எரிகிறது. இது எல்இடி. அந்தக் காலத்து ஜீரோ வாட்ஸ் பேருக்குத்தான் ஜீரோ, 15 வாட் வரை இழுக்கும்.

கரண்ட் பில் மிச்சமாகும் என்று நினைத்து வாங்காதீர்கள். ஒரு 9 வாட்ஸ் பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 2.7 யூனிட். அதுவே ஸ்மார்ட் பல்பாக இருந்து மீதி 19 மணி நேரமும் உத்தரவுக்குக் காத்திருந்தால், அரை வாட் கணக்கில் அரை யூனிட்டுக்கு மேல் அதுவே தின்னும். மங்கலாக எரிவதில் மிச்சம் பிடிப்பதில் ஒரு பங்கு இப்படிப் போகிறது. அதே பட்டாசலில் 75 வாட் ஃபேனை, கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினேன். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சம்.

தூக்கமா? இப்போது 12 மணிக்கெல்லாம் தூங்கிவிடுகிறேன். ஆனால் அதே சமயத்தில் படுக்கையில் போன் பார்ப்பதையும் விட்டேன், காலையில் ஆற்றுக்குக் குளிக்கப் போகவும் ஆரம்பித்தேன். வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில், படித்துறையில் காலை 7 மணிக்குப் பல ஆயிரம், என் மேசையில் பல்பு தருவது 300. பெருமை எதற்கு எவ்வளவு என்று பிரிக்க என்னால் முடியாது. கண் எரிச்சல் குறைந்தது மட்டும் நிச்சயமாகப் பல்பால்தான்.

ஆச்சிக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. சுளவில் உளுந்தைப் பரத்திக் கல் பொறுக்கும்போது வெள்ளையை முழுசாக ஏற்றிவிடச் சொல்வாள். மஞ்சளில் கல்லும் பருப்பும் ஒன்றுபோலத் தெரிகிறதாம். பொறுக்கி முடித்ததும் எழுந்து போய் சுவிட்சை அணைத்துவிடுவாள். ஸ்மார்ட் பல்புக்கு சுவிட்ச் எப்போதும் போட்டபடி இருக்கவேண்டும், அணைத்தால் ஆப் பேச்சை அது கேட்காது. எத்தனை தடவை சொல்லியும், "எரியாத லைட்டுக்கு எதுக்குல சுச்சு?" என்பாள். சுவிட்ச் மேல் செல்லோடேப் ஒட்டி வைத்தேன். மறுநாள் சுவிட்ச் அணைந்திருந்தது. அந்த டேப் அடுக்களைச் சுவரில் தினசரி காலண்டரைப் பிடித்துக்கொண்டிருந்தது.