100 வாட் கண்ணாடி ஹீட்டர்: சூடேற்றுவதில் குறையில்லை, திருகைத்தான் நம்ப முடியவில்லை

நியான் டெட்ரா, கோரிடோராஸ் மீன்கள் வாழும் 80 லிட்டர் மீன்தொட்டிக்காக வாங்கிய, நீரில் முழுவதுமாக மூழ்கும் ஹீட்டர் இது. லிட்டருக்கு ஒரு வாட் என்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கின்படி 100 வாட் சற்றுக் கூடுதல்தான். ஆனால், அறையின் குளிரையோ, தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்பதையோ அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. திறந்த தொட்டியில் ஆவியாகும் நீர் வெப்பத்தையும் சேர்த்தே கொண்டுபோய்விடுகிறது.

சூடேற்றும் வேலையை இந்த ஹீட்டர் நன்றாகவே செய்கிறது. ஃபில்டர் நீரைத் தள்ளும் வாயருகே, மணற்பரப்புக்குச் சற்று மேலே படுக்கைவாட்டில் பொருத்திய பிறகு, தொட்டியின் இரு கோடிகளிலும் தெர்மாமீட்டர் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டுகிறது. குறை இருப்பது வெப்பநிலையைத் தேர்ந்தெடுக்கும் திருகில்தான். 25 டிகிரி செல்சியஸில் வைத்தால் நீர் 26.5 வரை ஏறிய பின்புதான் சிவப்பு விளக்கு அணைகிறது. இந்த ஒன்றரை டிகிரி நிலையாக இருந்தால் டெட்ராக்கள் தாங்கிக்கொள்ளும்; இரவில் இறங்கிப் பகலில் ஏறிக்கொண்டே இருந்தால்தான் மீன்கள் சோர்ந்து, வெண்புள்ளி நோய்க்கு எளிதில் ஆளாகின்றன.

இதைவிடப் பெரிய கவலை, உள்ளே இருக்கும் ஈருலோகத் தகடு தெர்மோஸ்டாட்; அதாவது, சூட்டில் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் தகடு. அதன் தொடுமுனைகள் பிரியும்போதெல்லாம் சிறு தீப்பொறி எழுவதால், நாளடைவில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக்கூடும். அப்படி ஒட்டிவிட்டால் ஹீட்டர் அணையவே அணையாது; நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜனும் குறையும். 20 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான் கரையும். அதே வேளையில் சூடு ஏற ஏற மீனின் ஆக்சிஜன் தேவையும் கூடுவதால், மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கும்.

ஆகவே, நீரின் சூட்டைத் தனி சென்சாரால் அளந்து ஹீட்டருக்கான மின்சாரத்தை விட்டு நிறுத்தும் வெளிப்புறக் கன்ட்ரோலர் ஒன்றை இதனுடன் இணைத்தேன். கன்ட்ரோலரை 25-இலும் ஹீட்டரின் திருகை 27-இலும் வைத்தால், அன்றாட வேலையைக் கன்ட்ரோலரே பார்த்துக்கொள்ளும். அது பழுதானால் ஹீட்டரின் தெர்மோஸ்டாட் இரண்டாம் காவலாக நிற்கும். இப்போது நீர் அரை டிகிரிக்குள் நிலைத்திருக்கிறது. கன்ட்ரோலர் இல்லாமல் வாங்குவோருக்கு, இந்த 100 வாட்டுக்குப் பதிலாக இரண்டு 50 வாட் ஹீட்டர்களையே பரிந்துரைப்பேன்: ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டாலும் தொட்டியை வேகமாகச் சூடாக்க அதனால் முடியாது, ஒன்று செயலிழந்தாலும் மற்றது ஓரளவு தாங்கும்.

தயாரிப்பாளரிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. நீர் மாற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்பே பிளக்கைக் கழற்ற வேண்டும், இல்லையெனில் நீர்மட்டம் இறங்கியதும் சூடான கண்ணாடி வெடித்துவிடலாம் என்ற எச்சரிக்கை கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கிறது. அதை ஹீட்டரின் கழுத்திலேயே அச்சிட வேண்டும்.