ஜாங்கோவில் பல டேட்டாபேஸ்: நீண்ட நாள் பயன்பாட்டில் கண்டது

எங்கள் வெப் அப்ளிகேஷன் ஜாங்கோவில் (பைதான் மொழியின் வெப் ஃபிரேம்வொர்க்) ஓடுகிறது. முக்கியத் தரவு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில். பழைய கணக்கு மென்பொருளின் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அறிக்கைகளுக்கென்று போஸ்ட்கிரெஸ் ரெப்ளிகா (தொடர்ந்து புதுப்பிக்கப்படும் நகல்) ஒன்று. மூன்றுக்கும் ஒரே ஓஆர்எம்தான் (பைதான் கோடிலிருந்தே டேபிள்களைக் கையாளும் அடுக்கு).

ஒரே அப்ளிகேஷனில் பல டேட்டாபேஸ் என்பது 2010இல் ஜாங்கோ 1.2உடன் வந்த வசதி. இணைப்பதில் சிரமமே இல்லை. செட்டிங்ஸில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், எந்த மாடல் (ஒரு டேபிளைக் குறிக்கும் பைதான் கிளாஸ்) எங்கே போகும் என்று சொல்ல ஒரு ரவுட்டர், அவ்வளவுதான். பழைய டேபிள்களுக்கு இன்ஸ்பெக்ட்டிபி கட்டளையே மாடல்களை எழுதித் தருகிறது.

நிஜமான கவனம் வேண்டியது, பல பதிவுகளை முழுதாக நடத்தும் அல்லது முழுதாக ரத்து செய்யும் டிரான்ஸாக்‌ஷனில். ஜாங்கோவில் அதற்கென்று இருக்கும் அட்டாமிக் பிளாக் ஒரு டேட்டாபேஸை மட்டுமே காக்கும். பெயர் சொல்லாவிட்டால் அது டீஃபால்ட்டுக்குத்தான், எங்களுக்கு அது போஸ்ட்கிரெஸ். அதற்குள் மைஎஸ்க்யூஎல்லில் எழுதிய பிறகு போஸ்ட்கிரெஸ்ஸில் பிழை வந்தால் போஸ்ட்கிரெஸ்ஸில் எழுதியதெல்லாம் ரத்தாகிவிடும், மைஎஸ்க்யூஎல்லில் எழுதியது அப்படியே நிற்கும். சரி, இரண்டு அட்டாமிக்கை ஒன்றுக்குள் ஒன்றாக வைக்கலாமே என்றால், உள்ளே இருப்பது முதலில் கமிட் ஆகி உறுதியாகிவிடும். வெளியே இருப்பது அதற்குப் பிறகும் தோற்கலாம். எஸ்க்யூஎல்ஆல்கெமி என்ற இன்னொரு பைதான் ஓஆர்எம்மில் இருக்கும் இரண்டு கட்டக் கமிட் (எல்லா டேட்டாபேஸும் தயார் என்ற பிறகே எல்லாவற்றிலும் உறுதிசெய்வது) ஜாங்கோ ஓஆர்எம்மில் கிடையாது. பணம் புழங்கும் இடத்தில் இது சின்ன விஷயமில்லை. அதனால் நாங்கள் போஸ்ட்கிரெஸ்ஸில் மட்டுமே நேரடியாக எழுதுகிறோம். மைஎஸ்க்யூஎல்லுக்குப் போக வேண்டியதை அதே டிரான்ஸாக்‌ஷனில் தனி டேபிளில் வரிசையாக வைக்கிறோம். பின்னணியில் ஓடும் வொர்க்கர் அதை எடுத்துச் சேர்க்கும். மறுபடி முயலும்போது இரட்டைப் பதிவு வராமலிருக்க யுனீக் கீ (இரண்டு முறை வர முடியாத அடையாளம்) ஒன்று கட்டாயம் வேண்டும்.

டேட்டாபேஸ் தாண்டிய ஃபாரின் கீ (வேறு டேபிளின் வரியைச் சுட்டும் இணைப்பு), ஜாயின் (இரண்டு டேபிள்களைச் சேர்த்து எடுப்பது) இரண்டும் கிடையாது. வாடிக்கையாளர் எண்ணைச் சாதாரண எண்ணாக வைத்து, ஒரு பக்கம் எண்களை லிஸ்டாக எடுத்து மறுபக்கம் தேடுகிறோம். லிஸ்டாக்காமல் குவெரிசெட்டை (இன்னும் ஓடாத தேடலை) அப்படியே உள்ளே கொடுத்தால் வேலை செய்யாது.

ரெப்ளிகாவை ரவுட்டரில் பொதுவாகச் சேர்ப்பதை நான் விரும்புவதில்லை. ரெப்ளிகா சற்றுப் பின்தங்கினால் இப்போது சேமித்த ரசீது அடுத்த பக்கத்தில் காணாமல் போகும். பயனர் பதறிப்போய் மறுபடி சேமிப்பார். அறிக்கைக் குவெரிகளில் மட்டும் ‘யூசிங்’ போட்டுப் பெயர் சொல்லி அழைப்பதே நிம்மதி.

அப்புறம், டேபிள் அமைப்பை மாற்றும் மைக்ரேட் கட்டளை ஒரு தடவைக்கு ஒரு டேட்டாபேஸைத்தான் தொடும். டிப்ளாய் ஸ்கிரிப்டில் தேவையான ஒவ்வொன்றுக்கும் தனி வரி எழுதிவிடுங்கள்.