டோக்கன் எண் 23

முப்பத்தோரு வருடம் பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்தவன் நான். கடிகாரமும் சின்ன நோட்டும் இல்லாமல் வீட்டுப் படி இறங்கிப் பழக்கமில்லை. பாளையங்கோட்டையில் உள்ள ஒரு சிறுநீரக மருத்துவமனைக்கு ஏழு மாதத்தில் ஆறு முறை போய்வந்ததும் மணிக்கணக்கோடு அந்த நோட்டில் இருக்கிறது. பொல்லாததும் சொல்லப்போகிறேன் என்பதால் மருத்துவமனையின் பெயர் வேண்டாம்.

வினை தொடங்கியது ஒரு பரிசோதனைக் கூடத்தில். முழு உடல் பரிசோதனை, சலுகை விலை என்றார்கள். போனேன். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருக்குமோ என்று பார்க்கிற ரத்தப் பரிசோதனை பி.எஸ்.ஏ. அது 7.2 என்று தடித்த எழுத்தில் வந்தது. நான்குக்குள் இருக்க வேண்டுமாம். பத்து நாள் முன்புதான் நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாகக் கிடந்து எழுந்திருந்தேன். ரத்தம் எடுத்த பெண் கேட்டது ஒரே கேள்வி: “சாப்பிட்டுவிட்டீர்களா?” அன்றிரவே மகன் மதுரைக்குப் போகலாம், ஆபரேஷன் என்று பேச ஆரம்பித்துவிட்டான். வீட்டில் நெல்லையப்பருக்கு நேர்ந்துகொண்டாகிவிட்டது.

மருத்துவர் அந்தத் தாளை ஒரு ஓரமாக வைத்துவிட்டுக் கேள்விதான் கேட்டார். பன்னிரண்டு நிமிடம். சிறுநீரில் தொற்று இருந்தாலே இந்த எண் ஏறிவிடும் என்றார். புராஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டெரைடு மாத்திரை சாப்பிடுகிறவருக்கோ எண் பாதியாக இறங்கிவிடுமாம். குறைவாக இருக்கிறதே என்று அவர் நிம்மதியாக இருந்துவிடக்கூடாது. தொற்றுக்கு மாத்திரை எழுதி, ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார். மகனுக்கு ஏமாற்றம்தான்.

ஆறு வாரம் கழித்து 5.6. இறங்கியது, ஆனால் போதவில்லை. உடனே ஊசி விட்டுச் சதைத் துணுக்கு எடுக்காமல் முதலில் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, 2018இல் வெளிவந்த பிரிசிஷன் என்ற ஆய்வை மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். 500 ஆண்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்களாம். முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்த கூட்டத்தில் நூற்றுக்கு 28 பேருக்கு ஊசியே தேவைப்படவில்லை. கவலைப்பட வேண்டிய புற்றுநோயோ அந்தக் கூட்டத்தில்தான் அதிகம் பிடிபட்டது: அங்கே நூற்றுக்கு 38, பழைய முறையில் 26. டிரிப்பைக் குறைத்து வசூலைக் கூட்டியிருக்கிறார்கள். எங்கள் டெப்போவில் யாருக்கும் வாய்க்காத வித்தை.

எனக்குப் படத்தில் ஒரு நிழல் தெரிந்ததால் சதைத் துணுக்கு எடுக்க வேண்டியதாயிற்று. ஆசனவாய் வழியாக ஊசி விட்டால் குடல் கிருமி ரத்தத்தில் கலந்து கடும் காய்ச்சல் வரக்கூடும் என்று, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள தோல் வழியாக எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் வலி பெரிதாக இல்லை. சத்தம்தான் பயமுறுத்தியது. கண்டக்டர் டிக்கெட்டில் துளை போடுகிற அதே ‘டக்’. பதினான்கு முறை எண்ணினேன். மூன்று நாள் சிறுநீர் சிவந்து போனது, பிறகு சரியாகிவிட்டது.

முடிவு: புற்றுநோயின் வேகத்தைச் சொல்லும் கிளீசன் மதிப்பெண் 3+3, கூட்டினால் 6. புற்றுநோய்தான், ஆனால் சோம்பேறி ரகம். வெட்ட வேண்டாம், கண்காணிக்கலாம் என்றார். பிரிட்டனில் 1,643 பேரைப் பதினைந்து வருடம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2023இல் வந்திருக்கிறது. அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு எதைச் செய்திருந்தாலும் இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் மூன்று பேர்தான். இதை மகனை உட்கார வைத்து இரண்டு தடவை சொன்னார். அந்தப் பொறுமைக்கு எவ்வளவு கட்டணம் வாங்கினாலும் தகும்.

இனி குறை. ஒன்பது மணிக்கு வரச் சொல்லி, டோக்கன் எண் 23 கொடுத்து, 11.50க்கு அழைத்தார்கள். எனக்கென்ன, ஓய்வு பெற்றவன். பக்கத்தில் முகக்கவசத்தோடு ஆலங்குளத்துத் தம்பி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அம்மா கொடுத்த சிறுநீரகம், வைத்து நான்கு வருடம். உடம்பு அதை ஒதுக்கிவிடாமல் இருக்க டாக்ரோலிமஸ் மாத்திரை, காலை எட்டு, இரவு எட்டு, நிமிடம் தவறாமல். எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. அந்த மாத்திரை நோய் எதிர்ப்புச் சக்தியின் கையைக் கட்டிவைப்பதால், நமக்கு இருமலோடு போவது அவருக்கு ஆஸ்பத்திரிப் படுக்கையாகிவிடும். காய்ச்சல்கூடச் சில நேரம் காட்டிக்கொடுக்காதாம். பெரும்பாலோர் உடம்பில் சும்மா தூங்கிக் கிடக்கும் பி.கே. வைரஸ் விழித்துக்கொண்டால் வைத்த சிறுநீரகத்தையே கெடுத்துவிடும் என்றார். அன்று அந்தக் கூடத்தில் பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள்.

எழுந்து போய் இவரை முன்னால் விடுங்கள் என்றேன். “எல்லோருக்கும் டோக்கன்படிதான், அண்ணாச்சி” என்றது வரவேற்பில் இருந்த பிள்ளை. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாத பஸ்ஸை நான் குறிப்பெழுதி மேலே அனுப்பியிருக்கிறேன். இதையும் எழுதி மருத்துவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

போன முறை போனபோது காற்றோட்டமான வராந்தாவில் தனியாக இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். இரண்டிலும் மருந்து கம்பெனிப் பிரதிநிதிகள் உட்கார்ந்திருந்தார்கள்.