சொந்த அணுகுண்டா, அமெரிக்கக் குடையா?

1964 அக்டோபரில் சீனா அணுகுண்டு வெடித்ததும் ஜப்பான் முன் இரண்டு வழிகள் இருந்தன: சொந்தமாகக் குண்டு செய்வது, அல்லது அமெரிக்காவின் அணு ஆயுதக் குடைக்குள் நிற்பது, அதாவது யாராவது தாக்கினால் அமெரிக்கா தன் அணு ஆயுதத்தோடு காக்கும் என்று நம்பி இருப்பது.

சொந்தக் குண்டு என்றால் யாரையும் நம்ப வேண்டாம். ஆனால் மக்கள் விடமாட்டார்கள். ஹிரோஷிமா, நாகசாகி மட்டும் காரணமல்ல. 1954 மார்ச்சில், பசிபிக் கடலின் பிகினி தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் கதிரியக்க வெள்ளைச் சாம்பல், சூரை மீன் பிடிக்கப் போன 23 ஜப்பானியர் மேல் பனிபோலக் கொட்டியது. செப்டம்பரில் ஒருவர் இறந்தார். டோக்கியோவின் ஸுகிஜி மீன் சந்தையில் கதிரியக்கம் கலந்த மீனைக் குழிதோண்டிப் புதைத்தார்கள். பயம் சாப்பாட்டுத் தட்டுக்கே வந்துவிட்டது.

குடை மலிவு. போரைத் துறக்கும் ஜப்பான் அரசியலமைப்பின் 9ஆம் பிரிவோடும் பெரிதாக உரசாது. ஆனால் பிடி வேறொருவர் கையில். 1967இல் ஜப்பான் பிரதமர் சாட்டோ அணு ஆயுதத்தை 'வைத்திருக்க மாட்டோம், தயாரிக்க மாட்டோம், உள்ளே விடமாட்டோம்' என்றார். 1974இல் நோபல் அமைதிப் பரிசும் வாங்கினார். நடுவில், 1969இல், அவசரம் வந்தால், அமெரிக்கா ஜப்பானிடம் திருப்பித் தரவிருந்த ஒகினாவா தீவுக்கு அணு ஆயுதம் கொண்டுவரலாம் என்று அமெரிக்க அதிபர் நிக்சனோடு ரகசியமாகக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

என்னைக் கேட்டால், குடைதான் தேவலை. அந்த ரகசியத்தைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.